தண்ணியில்லாக் காட்டின் எரிபொருள் கணக்கு

அரசு அலுவலகத்தில் மேலதிகாரிக்குக் கோபம் வந்தால், "உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்பார். அது எந்தக் காடு என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ராமநாதபுரம்தான் என்று கடைநிலை ஊழியர் வரைக்கும் தெரியும். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளை எடுத்து 1910ல் உருவாக்கி, 1985ல் மூன்றாகப் பிரித்த மாவட்டம் இது. சிவகங்கையும் விருதுநகரும் தனிவழி போக, கடற்கரையும் வறட்சியும் ராமநாதபுரத்தின் பங்குக்கு வந்தன. வைகை இந்த மண்ணுக்கு வந்து சேரும்போது பெரும்பாலான ஆண்டுகளில் வெறும் மணலாகத்தான் வருகிறது. வந்த நீரும் பெரிய கண்மாயோடு நின்றுவிடும்.

இல்லாததைச் சொல்லியே அடையாளம் காட்டப்பட்ட ஊர். ஆனால் எரிசக்தி என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு இந்தக் கரையின் நூறு ஆண்டுகளைப் புரட்டினால் கணக்கு வேறாக இருக்கிறது. வெயில், காற்று, கருவை விறகு, மண்ணுக்கடியில் எரிவாயு என்று கொடுப்பதற்கு நிறையவே இருக்கிறது. அதை எடுக்க வந்த நிறுவனங்களில் சில வேர் பிடித்தன, சில வந்த வழியே திரும்பின. வித்தியாசம் இயந்திரத்தில் இல்லை. இங்கே என்ன இருக்கிறது, அது யாருடையது என்று வேலையைத் தொடங்குமுன் கேட்டார்களா இல்லையா என்பதில் இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு இப்போது உலகத் தர நெறிகளிலும் இடம் கிடைத்திருக்கிறது. ஒரு நிறுவனம் தன் எரிசக்திச் செலவை முறையாக நிர்வகிக்க வகுத்த நெறிமுறை ஐஎஸ்ஓ 50001. 2011ல் வந்த முதல் பதிப்பை 2018ல் திருத்தியபோது, சூழலை அறிதல் என்ற பகுதியை 4வது பிரிவில் புதிதாகச் சேர்த்தார்கள். மீட்டர் வாங்கும் முன், மோட்டார் மாற்றும் முன், நிறுவனம் தன்னைச் சுற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே இயந்திரத்தின் வயது, ஆட்களின் பழக்கம், கையிருப்பு. வெளியே சட்டம், எரிபொருள் வரத்து, விலை, தட்பவெப்பம். இதில் யார் யாருக்கு அக்கறை உண்டு, அவர்கள் எதிர்பார்ப்பது என்ன, நிர்வாகத்தின் எல்லைக்கோடு எதுவரை என்பதெல்லாம் அந்தப் பிரிவில் வரும். 2024ல் பருவநிலை மாற்றத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

காற்றுக்கு நாலு பெயர்

பாம்பன், மண்டபம் கரைகளில் காற்றைக் காற்று என்று மட்டும் சொன்னால் போதாது. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். பாய் கட்டிய வள்ளங்களுக்கு அதுதான் எரிபொருள். அதற்கு விலை கிடையாது, ஆனால் பருவம் உண்டு. வாடை காலத்தில் பாக் நீரிணைப் பக்கமுள்ள வடகடல் கொந்தளிக்கும். மன்னார் வளைகுடாப் பக்கமுள்ள தென்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்குப் பருவத்தில் அது தலைகீழாகும். அதனால் நடுவில் ஒடுங்கிய இந்த நிலத்தின் மீனவர்கள் பருவத்துக்கு ஏற்பக் கரை மாறி மாறித் தொழில் செய்தார்கள். எந்த மாதம் எந்தக் காற்று, அது எந்தப் பக்கம் தள்ளும் என்ற அறிவு பாட்டனிடமிருந்து பேரனுக்கு வந்தது. டீசல் இயந்திரம் பாயைக் கழற்றி வைத்த பிறகும் காற்றின் பெயர்கள் பேச்சில் தங்கின.

வெளியிலிருந்து வந்தவர்களில் இந்தக் காற்றோடு முதலில் பெரிய அளவில் பேரம் பேசியது தென்னிந்திய ரயில்வே. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து வரும் போட் மெயில் தனுஷ்கோடி வரை போகும். அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். இரண்டு கிலோமீட்டரைத் தாண்டும் நீளத்தில், நடுவே கப்பலுக்கு வழிவிட இரண்டு பக்கமும் எழும்பும் தூக்குப்பகுதி. வடிவமைப்பு சிகாகோவின் ஷெர்சர் நிறுவனத்துடையது.

சிகாகோ ஆற்றின்மேல் இதே வகைப் பாலங்களை 1890களிலேயே மின்மோட்டார்கள் தூக்கின. பாம்பனில் தூக்கியது மனிதக் கை. இரு கரையிலும் ஆட்கள் நின்று நெம்புகோலைச் சுற்றச் சுற்ற, நூற்றுக்கணக்கான டன் இரும்பு மெல்ல எழும்பும். பாரத்தை எதிர்எடை ஏற்றுக்கொண்டதால் மிச்ச வேலைக்குச் சில பேரின் தோள்வலு போதுமாக இருந்தது. கப்பல் எப்போதாவதுதான் வரும். உப்புக்காற்று எப்போதும் வரும். அப்படிப்பட்ட இடத்தில் மோட்டாரைக் கட்டிக் காப்பதைவிடக் கைச்சுற்று மலிவு. அந்த ஏற்பாடு நூறு ஆண்டுக்கு மேல் ஓடியது.

பாலம் கட்டியவர்கள் காற்றை முழுதாகப் படித்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியையும், அங்கே போய்க்கொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையும் கடலுக்குள் இழுத்துக்கொண்டது. பாலத்தின் பெரும்பாலான இரும்புத் தூலங்கள் நீரில் விழுந்தன. இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலம் மீண்டது. பிற்பாடு காற்றளவியைச் சமிக்ஞையோடு இணைத்தார்கள். குறித்த வேகத்தைக் காற்று தாண்டினால் ரயிலுக்குச் சிவப்பு விழும்.

2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமும் 660 டன் எடையும் கொண்ட நடுப்பகுதி செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. இம்முறை மின்மோட்டார் உண்டு. ஆனால் பாரத்தை எதிர்எடைக்கு விட்டுவிட்டு மோட்டாருக்குச் சிறிய வேலை கொடுக்கும் பழைய கணக்கு அப்படியே இருக்கிறது. துருவுக்கும் இப்போது தனிக் கவனம்: கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, இரும்பின்மேல் பாலிசிலாக்சேன் பூச்சு. உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை இந்தக் கரை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறது. காரைக்குடி இதே மாவட்டத்தில் இருந்த காலத்தில், அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்து 1953 ஜனவரி 14ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபத்தில் துருப்பிடித்தலை ஆராய ஒரு நிலையமே வைத்தது.

வெயில் காய்ச்சும் உப்பு

1974ல் தமிழ்நாடு அரசு உப்புக் கழகத்தைத் தொடங்கி மாரியூர், வாலிநோக்கம் கடற்கரையில் உப்பளம் போட்டது. விளைச்சல் பொய்க்கும் நிலத்தில் ஆட்களுக்கு வேலை கொடுக்கும் ஏற்பாடு அது. எரிசக்தித் திட்டம் என்று அதை யாரும் சொன்னதில்லை. ஆனால் எரிசக்தி ஆலோசகர் ஒருவர் அங்கே தணிக்கைக்குப் போனால் முதலில் கவனிக்க வேண்டியது மின்கட்டண ரசீதை அல்ல, வானத்தை.

ஒரு கிலோ உப்பு கிடைக்க முப்பது லிட்டருக்கு மேல் கடல்நீர் ஆவியாக வேண்டும். ஒரு லிட்டரை மின்சாரத்தால் ஆவியாக்கினால் அரை யூனிட்டுக்கு மேல் செலவு. அப்படிப் பார்த்தால் சோற்றுக்குப் போடும் ஒரு கிலோ உப்புக்குள் ஏறத்தாழ இருபது யூனிட் வெப்பம் அடங்கியிருக்கிறது. அத்தனையும் வெயிலும் காற்றும் கொடுத்தவை. கழகம் காசு கொடுத்து வாங்குவது நீர் இறைக்கும் மோட்டாருக்கான மின்சாரமும் வண்டிக்கான எரிபொருளும்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உற்பத்தி நிற்கும். எந்த மேலாளர் வந்தாலும் அந்த அட்டவணையை மாற்ற முடியாது. மாற்ற முயன்றவரும் இல்லை.

மூட்டத்துப் புகை

ராமநாதபுரத்தின் எரிபொருளில் அதிகம் திட்டு வாங்கியது சீமைக்கருவேலம். மெக்சிகோ, கரீபியப் பக்கத்து மரம். சென்னை மாகாண வனத்துறை 1877ல் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்துக் கடப்பையில் விதைத்தது. விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கும், வறட்சியைத் தாங்கும் என்பது எதிர்பார்ப்பு. இரண்டும் பலித்தன. அளவு மீறிப் பலித்ததுதான் சிக்கல். கண்மாய், வரத்துக்கால், தரிசு, கைவிட்ட வயல் என்று எங்கும் கருவை பரவியது.

மழை பொய்த்த ஊரில் கருவை ஒரு தொழிலையும் கொண்டுவந்தது. முதுகுளத்தூர், கமுதி, கடலாடி வட்டாரங்களில் சாலையோரம் புகைந்துகொண்டிருக்கும் கரிமூட்டங்களைப் பார்க்காமல் போக முடியாது. வெட்டிய மரத்தையும் தோண்டிய தூரையும் நெருக்கி அடுக்கி, மேலே இலைதழையும் வைக்கோலும் போட்டு, ஈரமண்ணால் மெழுகி மூடுவார்கள். தீ வைத்த பிறகு காற்று எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. கூடினால் விறகு சாம்பலாகும், குறைந்தால் வேகாமல் நிற்கும். புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே வேக்காடு எப்படி என்று சொல்வார்கள். மூட்டம் நாள்கணக்கில் வேகும். பிறகு தண்ணீர் தெளித்து ஆற்றிப் பிரிக்க வேண்டும். நாலைந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி தேறும். தூர்க்கரிக்கு நல்ல விலை. தூள் ஊதுவத்திக்குப் போகும். வெளியூர் உணவகங்களுக்கும் ஆலைகளுக்கும் லாரி ஏறுவதும் உண்டு. வெட்டுக்கூலி, மூட்டக்கூலி, சுமைக்கூலி என்று பஞ்ச காலத்திலும் நின்றுபோகாத வருமானம்.

இந்த எரிசக்திப் பொருளாதாரம் கோப்புகளில் இல்லை. அதனால் நேர்ந்த ஒரு கதை உண்டு. 2003ல் தொடங்கிய தேசிய பயோடீசல் முயற்சி, 2009ல் வந்த உயிரி எரிபொருள் கொள்கை இரண்டும் காட்டாமணக்கை நம்பின. பயன்படாத தரிசில் நட்டால் எண்ணெய் கிடைக்கும், உணவுப்பயிருக்கும் பாதிப்பில்லை என்பது வாதம். அமெரிக்க ஆய்வாளர் ஜெனிஃபர் பாக்கா, பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்த சாத்தூர் வட்டாரத்தில் போய்ப் பார்த்தபோது அந்தத் தரிசு சும்மா கிடக்கவில்லை. கருவை விறகு வீட்டு அடுப்புக்கும், கரியாக ஊர் கடந்தும், சிறு ஆலைகளுக்கும் உயிர்ம மின்நிலையங்களுக்கும் போய்க்கொண்டிருந்தது. அவரும் ராபர்ட் பைலிஸும் 2014ல் வெளியிட்ட கணக்கின்படி, காட்டாமணக்கு தரக்கூடியதைப்போல் 2.5 முதல் 10.3 மடங்கு வரை பயனுள்ள எரிசக்தியைக் கருவைப் பொருளாதாரம் ஏற்கெனவே தந்துகொண்டிருந்தது. புது எரிசக்திக்காக இடம் தேடியவர்கள், அதைவிடப் பெரிய எரிசக்தி ஓடிக்கொண்டிருந்த இடத்தைக் காலியிடம் என்று குறித்திருந்தார்கள்.

இதனால் கருவை நல்ல மரம் ஆகிவிடாது. கண்மாய்க்குள் அது நின்றால் நீர்ப்பிடிப்பு கெடும். 2017ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. 2022ல் அந்நியத் தாவரங்கள் குறித்து மாநில அரசும் கொள்கை வகுத்தது. வெட்டுவது சரி, வெட்டிய பின் அந்த அடுப்புகளுக்கும் கூலிகளுக்கும் என்ன வழி என்பது அகற்றும் திட்டத்தின் செலவுக் கணக்கில் சேர வேண்டிய வரி.

வழுதூரின் இரண்டு சுழலிகள்

ராமநாதபுரத்துக்கு அருகே ஓஎன்ஜிசி தோண்டிய கிணறுகளில் எரிவாயு கிடைத்தது. அதைக் குழாயில் தொலைதூரம் கொண்டுபோவதைவிட, அங்கேயே மின்சாரமாக்கிக் கம்பியில் அனுப்பலாம் என்று மின்வாரியம் முடிவெடுத்தது. 2003 வாக்கில் வழுதூரில் ஓடத் தொடங்கிய முதல் அலகு 95 மெகாவாட். அதில் எரிவாயுச் சுழலி தருவது 60. அந்தச் சுழலி வெளியே தள்ளும் சூட்டில் நீரைக் கொதிக்க வைத்து, நீராவிச் சுழலி ஒன்றால் இன்னொரு 35 எடுக்கிறார்கள். கூடுதல் எரிவாயு செலவில்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிடைக்கும் மின்சாரம் அது. பின்னர் வந்த 92 மெகாவாட் இரண்டாம் அலகும் இதே முறை.

கிணற்றடியில் நிலையம் வைப்பதில் ஒரு பிடியும் உண்டு. கிணற்றில் வாயு குறைந்தால் சுழலியின் கொள்ளளவு காகிதத்தில் மட்டும் இருக்கும். எரிபொருள் பக்கத்திலேயே இருப்பதால் வரும் ஆதாயமும் ஆபத்தும் ஒரே குழாயில் வருகின்றன.

கமுதியும் உப்பூரும்

2016 செப்டம்பரில் கமுதி உலகச் செய்தியானது. அதானி குழுமம் 2,500 ஏக்கரில், 4,550 கோடி ரூபாய் செலவில், 25 லட்சம் சூரியத் தகடுகளை எட்டே மாதத்தில் நிறுவி முடித்தது. 648 மெகாவாட், ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களில் அப்போதைக்கு உலகிலேயே பெரியது. தண்டனை மாற்றலுக்குக் காரணமான அதே வெயில் முதலீட்டுக்கும் காரணமானது. மண்ணுக்கு விலை குறைவு, வானில் மேகம் குறைவு, பக்கத்திலேயே 400 கிலோவோல்ட் துணைமின்நிலையம். தண்ணீர் பஞ்சமான ஊர் என்பதையும் திட்டம் மறக்கவில்லை. தகடுகளின் தூசியைத் துடைக்கத் தாமே சூரிய ஒளியில் மின்னேற்றிக்கொள்ளும் ரோபோக்களை இறக்கியது. அப்படியும் கழுவுவதற்கு நிலத்தடி நீர் எடுக்கிறார்கள் என்று சுற்றுவட்டாரக் கிராமத்தாரின் குறை செய்திகளில் வந்தது.

ஒளியைச் சரியாகப் படித்த திட்டத்துக்குச் சிக்கல் வந்தது சந்தையிலிருந்தும் மின்தொகுப்பிலிருந்தும். 2015 ஜூலையில் மின்வாரியம் ஒப்பந்தம் போட்ட விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. எதிர்க்கட்சிகள் அப்போதே அதிகம் என்றன. இரண்டு ஆண்டு கழித்து 2017ல் நடந்த ஏலத்தில் மாநிலத்தின் சூரிய மின்விலை 3 ரூபாய் 47 காசுக்கு இறங்கியது. நண்பகலில் பொங்கி வரும் மின்சாரத்தை வாங்கவும் தயக்கம் வந்தது. தமிழகத்தில் சூரிய மின்உற்பத்தியைக் குறைக்கச் சொன்ன உத்தரவுகள் குறித்த வழக்கில், அவற்றில் பல தொகுப்பின் பாதுகாப்புக்காக அல்ல, வணிகக் காரணத்துக்காக இடப்பட்டவை என்று 2021ல் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கண்டு, இழப்பீடு தரச் சொன்னது. நிறுவனத்தின் வேலி கமுதியில் முடிகிறது. அதன் எரிசக்தி எல்லை சென்னையில் தொகுப்பை இயக்கும் அறை வரை போகிறது.

கமுதி எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், மாவட்டத்தின் வடகோடியில் திருவாடானைப் பக்கம் உப்பூரில் இன்னொரு திட்டம் அடியெடுத்து வைத்தது. தலா 800 மெகாவாட்டில் இரண்டு அலகுகள் கொண்ட அனல்மின் நிலையம். அந்த ஊர்ப் பிள்ளையாருக்கு வெயிலுகந்த விநாயகர் என்று பெயர். கருவறையில் வெயில் விழ வேண்டும் என்று மேற்கூரை இல்லாமல் இருப்பவர். அங்கே நிலக்கரி நிலையம் என்ற முரணை ஊர்க்காரர்கள் கவனிக்காமல் இல்லை. ஆனால் அவர்கள் எழுப்பிய ஆட்சேபங்கள் நடைமுறையானவை.

பாக் நீரிணை ஆழமில்லாத கடல். நிலையத்தைக் குளிர்விக்கும் நீருக்காகக் கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே பாலம் போட வேண்டியிருந்தது. கரையோரத்தில் வலைவிடும் நாட்டுப்படகுக்காரருக்கு அது தொழிலின் குறுக்கே எழும் சுவர். நிலப்பக்கத்திலோ சரிவில்லாத தட்டையான பூமி. ஓடையும் வரத்துக்காலும் அங்கங்கே நூலாக ஓடிக் கண்மாய்களை நிரப்புகின்றன. மேட்டைப் போட்டு ஒன்றை அடைத்தால் கீழே வரிசையாகப் பல ஊர்களுக்குத் தண்ணீர் போகாது. மீனவரும் விவசாயியும் சேர்ந்து போராடினார்கள். 2021ல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. திட்டத்தை உடன்குடிக்கு மாற்றுவதென்று மின்வாரியம் முடிவுசெய்தது. அதற்குள் நிலம், ஒப்பந்தம், கட்டுமானம் என்று பெரும்பணம் இறங்கியிருந்தது. கடலின் ஆழமும் ஓடைகளின் போக்கும் உப்பூரில் பிறந்த எவருக்கும் தெரிந்தவை.

அடுத்த வரவு கடலுக்குள்ளிருந்து. மன்னார் வளைகுடாவின் காற்று நாட்டின் சிறந்த கடற்காற்று வளங்களில் ஒன்று என்று கண்டிருக்கிறார்கள். தனுஷ்கோடியில் 100 மீட்டர் உயரக் கம்பம் நட்டு அளந்திருக்கிறார்கள். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை கடல்சார் காற்றாலைகளுக்கு 7,453 கோடி ரூபாய் உதவித்திட்டத்தை ஏற்றது. அதில் வரும் 1,000 மெகாவாட்டில் பாதி தமிழகக் கடலுக்கு. மன்னார் வளைகுடாவில் 1986ல் அறிவித்த தேசியப் பூங்காவும் அதன் 21 தீவுகளும் இருக்கின்றன. நாட்டுப்படகும் விசைப்படகும் நாள் பிரித்துக்கொண்டு தொழில் செய்கின்றன. மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பன்னாட்டு எல்லைக்கோடு அதிக தூரத்தில் இல்லை. திட்ட அறிக்கையின் முதல் பக்கங்களில் இவற்றில் எத்தனை வருகின்றன, எத்தனை பின்னிணைப்புக்குப் போகின்றன என்பதை வைத்தே ராமநாதபுரத்துக்காரர்கள் அந்தக் காற்றாலைகளை எடைபோடுவார்கள்.